வீடியோ அனுப்பினால் பாடம் நடத்தியதாகுமா?

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. சென்ற மழையின்போது கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் என் மகன் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு வீடியோ வந்துவிட்டது. "பார்த்து முடித்து, நோட்டில் எழுதி போட்டோ அனுப்பவும்" என்று உத்தரவு வேறு! ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். இந்தக் கூத்து எல்லார் வீட்டிலும்தானே நடக்கிறது, சகோதரிகளே?

எனக்கு 2020 ஞாபகம் வந்துவிட்டது. அந்த மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் பெண் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. சின்ன வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். வீட்டிலிருந்த ஒரே போனை அவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மகளைக் கல்வித் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைப்பேன். ஒருநாள், "சொன்னது புரிஞ்சுதாடி?" என்றேன். "அவங்க பாட்டுக்குப் பேசிட்டே போறாங்கம்மா, நான் கேட்டா நிக்க மாட்டேங்கறாங்க" என்றாள். மூன்றாம் வகுப்புக்குப் போனபோது 42-லிருந்து 17-ஐக் கழிக்கத் தெரியாமல் விழித்தாள். கோபத்தில் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

தப்பு பிள்ளை மேல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. டீச்சராக இருக்கும் என் அண்ணி ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் மூவர் நம் தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்களாம். 2019-ல் அதே ஊரில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட 2021 டிசம்பரில் பிள்ளைகள் ரொம்பவே பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் விழுந்த அடி தமிழைப்போல இரண்டு மடங்கு. தமிழை வீட்டில் பேசுகிறோம், கணக்கை யார் பேசுகிறோம்? ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்கிறது ஆய்வு.

அது எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்தான் மாலையில் திண்ணையில் பாடம் சொன்னாள். அரசு கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். புளியங்கொட்டையைப் பரப்பி வைத்துக் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொடுத்தாள். தப்பு வந்த இடத்திலேயே நிறுத்தி, "எங்க, மறுபடி சொல்லு" என்பாள். வீடியோ இதைச் செய்யுமா?

அதற்காக, தூரத்திலிருந்து கற்பிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் 2020-ல் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளுக்கு வாராவாரம் எஸ்.எம்.எஸ்.ஸில் கணக்கு மட்டும் போனது. வேறு சில வீடுகளுக்கு அதோடு ஒருவர் சாதாரண போனில் கூப்பிட்டு, அம்மா அப்பாவையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு கால் மணி, இருபது நிமிடம் பேசினார். எஸ்.எம்.எஸ். மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. பேசிய வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் தேறினார்கள். ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை, பாருங்கள்!

இதை மனதில் வைத்துத்தான் மகன் பள்ளி குரூப்பில் கேட்டேன்: "நாலு வீடியோவுக்குப் பதில் ஒன்று போதும். சாயங்காலம் டீச்சர் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் போனில் கேள்வி கேட்கக் கூடாதா?" வந்த பதில்: "இந்தக் குரூப் அறிவிப்புகளுக்கு மட்டும்." டீச்சரைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள், அவருக்கும் வீடு வாசல் உண்டு. ஒரு விடுமுறைக்குப் பத்துப் பேர் என்று முறை வைத்தால்கூடப் போதுமே.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நேரிலேயே கேட்கப் போகிறேன். உங்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்டு நடந்திருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்.