அந்த 150 நாள் கழுகு என்ன சாப்பிட்டது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால், சென்னையிலிருந்து வந்த ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் பேசினார். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு கழுகு. பின்னணியில் வயலின்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாட்ஸப்பில் குறைந்தது நாலு முறையாவது வந்திருக்கும். அதற்கு முன்னால் மின்னஞ்சலில் சுற்றியது. கழுகுக்கு ஆயுள் 70 வருடம். ஆனால் 40 வயதில் அதற்கு அலகு வளைந்துவிடும், நகம் நீண்டுவிடும், இறகு கனத்துவிடும். இரண்டே வழி. ஒன்று, சாக வேண்டும். இல்லாவிட்டால் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்க வேண்டும். புது அலகு முளைத்ததும் அதை வைத்து நகங்களைப் பிடுங்க வேண்டும். புது நகத்தால் பழைய இறகுகளைப் பிய்த்து எறிய வேண்டும். 150 நாள் ரணம். பிறகு மறுபிறப்பு. இன்னும் 30 வருட வாழ்க்கை.

விளக்கைப் போட்டார்கள். முன்வரிசை அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய தொழிலாளிகள். அவர்களும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் நன்றாக இருக்காதே! புது இயந்திரங்கள் வருவதாகவும், கொஞ்சம் பேருக்கு விருப்ப ஓய்வு வரப்போவதாகவும் அந்த வாரம்தான் அங்கே பேச்சு.

டீ குடிக்கும்போது ஒருவர் என் பக்கத்தில் வந்தார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு வயது இருக்கும். “சார், ஒரு டவுட்டு. அந்த நூத்தம்பது நாளும் கழுகு இன்னா சாப்டுச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“எங்க ஊரு பழவேற்காடு பக்கம் சார். எங்கப்பா வலை போட்டவரு. சின்ன வயசுலேந்து கழுகப் பாக்குறேன். அதுக்கும் எங்கள மாதிரிதான், அன்னிக்கு மீன் புடிச்சாத்தான் அன்னிக்கு சோறு. மூக்க ஒடச்சுக்கினா செத்துடாது?”

நான் பி.காம். விலங்கியல் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐந்து மாதம் செலவு மட்டும் இருக்கிறது, வரவுப் பக்கம் காலி. இந்தச் சின்னத் தணிக்கையை அரங்கத்தில் இருந்த அத்தனை மேலாளர்களில் ஒருவர்கூடச் செய்யவில்லை. அந்தத் தொழிலாளி செய்தார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

முழுப் பொய் சார்.

கழுகின் அலகு என்பது எலும்பு. மேலே நம் நகத்தைப் போன்ற ஒரு உறை. அந்த உறை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கிளையிலும் கல்லிலும் தேய்ந்துகொண்டே இருக்கும். கால் நகமும் அப்படித்தான். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். பெரிய கழுகுகளுக்குச் சிறகின் எல்லா இறகும் மாற ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். காரணம் எளிது. எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டால் பறக்க முடியாது. பறக்காவிட்டால் இரை இல்லை.

அலகு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. 2005-ல் அலாஸ்காவில் யாரோ ஒரு வெண்தலைக் கழுகைச் சுட்டதில் அதன் மேல் அலகு பிய்ந்துபோனது. அது மலை உச்சிக்குப் போகவில்லை. ஒரு குப்பைமேட்டில் பட்டினியில் துவண்டு கிடந்ததை மனிதர்கள்தான் மீட்டார்கள். கையால் ஊட்டிக் காப்பாற்றி, 2008-ல் செயற்கை அலகு ஒன்றைச் செய்து பொருத்தினார்கள்.

அந்த 70 வயது? வளையம் மாட்டிக் கண்காணித்த காட்டு வெண்தலைக் கழுகுகளில், பதிவானவற்றிலேயே அதிக ஆயுள் வாழ்ந்தது 38 வயது. 1977-ல் வளையம் போட்டார்கள். 2015-ல் நியூயார்க் மாநிலத்தில் கார் மோதிச் செத்தது. கதையில் வரும் நாற்பதாவது பிறந்தநாளை அது பார்க்கவே இல்லை.

நிஜக் கழுகின் வாழ்க்கையைப் பார்க்க மலை உச்சிக்குப் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. அங்கே செம்பருந்து உண்டு. பனிக்காலத்தில் விரால் அடிப்பான் வரும். எல்லாவற்றுக்கும் பெரியது வெள்ளை வயிற்றுக் கடல் கழுகு. சிறகை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். மீன்தான் முக்கிய உணவு. கடல் பாம்பு, நீர்ப்பறவை, கரை ஒதுங்கிய செத்த மீன் எதுவும் தள்ளுபடி இல்லை. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தால் பெரும்பாலும் கடைசி வரை அதே ஜோடி. உயரமான மரத்தில் சுள்ளிக் கூடு கட்டும். அதே கூட்டை வருடா வருடம் செப்பனிட்டுக்கொள்ளும்.

வழக்கமாக இரண்டு முட்டை. சுமார் ஆறு வாரம் அடைகாக்கும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அது கூட்டை விட்டுப் பறக்க இரண்டரை மாதம் வரை ஆகும். பறந்த பிறகும் சில மாதம் அப்பா அம்மா இரை கொண்டுவந்து கொடுக்கும். பழுப்பு இறகு மாறி முழு வளர்ச்சி அடைய நாலைந்து வருடம். இளம் பறவைகள் பலவற்றுக்கு அந்த நாலைந்து வருடமே வாய்ப்பதில்லை.

இந்த வாழ்க்கையில் மலை உச்சித் தவம் எங்கேயும் இல்லை. மரம் வேண்டும், மீன் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், குஞ்சு தேறும் வரை யாராவது சோறு போட வேண்டும். அவ்வளவுதான் தேவைப்பட்டியல்.

கழுகுகளுக்கு உண்மையிலேயே ஒரு மறுபிறப்பு நடந்தது. அதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் சின்னமான அந்த வெண்தலைக் கழுகு, 1963-ல் அலாஸ்கா நீங்கலாக மற்ற மாநிலங்களில் 500 ஜோடிகூட இல்லை. டி.டி.டி. பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. 1972-ல் அங்கே டி.டி.டி.யைத் தடை செய்தார்கள். கூடுகளுக்கும் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 2007-ல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து கழுகின் பெயர் நீங்கியது. 2021-ல் வெளியான கணக்கெடுப்பின்படி 71 ஆயிரம் ஜோடிக்கு மேல்.

நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகள் கதையும் இதேதான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் மத்திய அரசு அந்தக் கால்நடை மருந்தைத் தடை செய்த பிறகுதான் சரிவின் வேகம் குறைந்தது. இரண்டு இடத்திலும் கழுகு தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. விஷம் வைத்தவர்களைச் சட்டம் மாற்றியது.

“அட, கதைதானே சார், கருத்து நல்ல கருத்துதானே?” என்பீர்கள். பஞ்சதந்திரத்தில் சிங்கம் பேசுகிறது. அதை யாரும் அறிவியல் என்று விற்பதில்லை. இங்கே 70, 40, 150 என்று எண்ணெல்லாம் போட்டு உண்மை என்று விற்கிறார்கள்.

கருத்தும் நல்ல கருத்தில்லை. அது என்ன சொல்கிறது? நாற்பது வயதில் உனக்கு வேலை போகிறதா, கோளாறு உன் அலகில் இருக்கிறது. நீயே போய், தனியாக, உன் செலவில், ரத்தம் வர உடைத்துக்கொள். புது அலகு முளைத்தால் வா. முளைக்காவிட்டால் உனக்கு மன உறுதி போதவில்லை. அந்த 150 நாள் சம்பளம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை இதெல்லாம் திரையில் வராது. வயலின் மட்டும் வரும். இளமையைப் புதுப்பித்துக்கொள்ளும் கழுகு என்பது மேற்கில் பழைய நம்பிக்கை. ஆட்குறைப்புக்கு அதைப் பக்கவாத்தியமாக வாசிப்பதுதான் புதுசு.

அந்தத் தொழிலாளியின் அப்பா வலையை விட்ட கதையையும் கேட்டேன். “மீன் கொறைஞ்சு போச்சு சார்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, எண்ணூரில் கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிவாக்க ஒரு திட்டம் வந்தது. அதில் கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலமும் உண்டு. பழவேற்காட்டு மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது.

அப்பனுக்கு ஏரியில் மீன் இல்லாமல் ஆக்கிவிட்டு, மகனைத் தொழிற்சாலைக்கு வரவழைத்து, நாற்பது வயதில் அவனுக்குக் கழுகுப் படம் காட்டுகிறோம்! அதுவும், அந்த ஏரி மீனையே நம்பிப் பறக்கிற கழுகின் படத்தை.

தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அதில் செய்த கம்பி போட்ட வீட்டில்தான் இருக்கிறேன். கேட்பது இரண்டுதான். புது இயந்திரம் வருகிறதா? வேலை நேரத்திலேயே, சம்பளம் கொடுத்து, இருக்கிற தொழிலாளிக்குக் கற்றுக்கொடுங்கள். கழுகின் இறகு மாறுவதைப் போல, பறந்துகொண்டே மாறட்டும். ஏரி, கழிமுகம், கரையோர மரம் விஷயத்தில் சட்டம் எழுதியிருப்பதை அரசு ஒழுங்காக அமல் செய்யட்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் அந்தப் பயிற்சியாளரைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். கழுகுக் கதை ஓடும்போது பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து, டீ நேரம் வரை காத்திருக்காமல், மைக்கிலேயே கேட்க வேண்டும்.

“சார், அந்த நூத்தம்பது நாளும் அது இன்னா சாப்டுச்சு?”