தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் இன்ஜின் சூடாகாதா?

சூரிய உதயம் பார்க்க சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாதை மறக்காது. கல்லும் குழியுமான ஏற்றம். இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும், வண்டியோ ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். நெடுஞ்சாலையில் ரேடியேட்டருக்குச் சும்மா கிடைக்கும் எதிர்காற்று இங்கே இல்லை. ஃபேன் ஒன்றுதான் துணை. ஆஃப்ரோடு வண்டிகளில் டெம்பரேச்சர் முள் ஏறுவது இப்படித்தான்.

அப்படிச் சூடான வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் ஒரே வைத்தியம்தான். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்ருங்க சார். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். அதற்குள் ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கிறது. கூலன்ட் சுமார் 82 டிகிரியைத் தொட்டதும் (வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும்) மெழுகு உருகி, விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கிறது. 95 டிகிரி வாக்கில் கதவு முழுசாகத் திறந்துவிடும். அதாவது, மலையேற்றத்தில் முள் சிவப்பை நெருங்கும்போது நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கும். திறந்த கதவைக் கழற்றி என்ன லாபம்?

நஷ்டம் உண்டு. சில இன்ஜின்களில் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடலாம். சமதரையிலோ இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருளை ஊற்றும். மைலேஜ் குறையும், எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும்.

தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொள்வதும் நடக்கத்தான் செய்கிறது. அப்போது புதுசு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பெரும்பாலும் நிஜமான குற்றவாளி வேறு இடத்தில் இருக்கும். சேற்றில் இறங்கி வந்த வண்டியின் ரேடியேட்டர் இடுக்குகளில் மண் காய்ந்து காற்றை அடைத்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். யாரும் கண்டுகொள்ளாத இன்னொன்று ரேடியேட்டர் மூடி. சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலையில் வெறும் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்கும் முன்பே கொதிநிலை! அதைத் தடுப்பது மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் மலையில் ஆவி பறக்கும். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து நிலைமை மோசமாகும்.

ஓட்டும் முறையும் முக்கியம். ஃபோர் வீல் டிரைவில் லோ ரேஞ்ச் இருப்பதே இந்த மாதிரி ஏற்றத்துக்குத்தான். இன்ஜின் திணறாமல் வேகமாகச் சுற்றும்போது அதோடு இணைந்த தண்ணீர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வைக்கலாம். உள்ளே வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். சிவப்பைத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் என்றால் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது முன்பே யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்குபவர்கள் இதை மட்டுமாவது பார்த்துவிட்டு விலை பேசலாம்.