இரண்டு படிப்பு படித்த டாக்டர்

"டாக்டரா, இன்ஜினியரா?" நம் தலைமுறை வீடுகளில் பிள்ளைகளைக் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவில் ஜோயல் சால்ட்ஸ் என்பவர் இரண்டுக்கும் சரி என்றார். ட்யூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், கூடவே கம்ப்யூட்டர் சயன்ஸில் பிஎச்.டி. பட்டம் வாங்கிக் குவிப்பவர்கள் எங்கும் உண்டு, அது பெரிய விஷயமில்லை. ஒரு படிப்பு இன்னொன்றுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

பயாப்ஸி எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகத் தூக்கமில்லாமல் காத்திருந்தவர்கள் நம்மில் பலர். அந்தச் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் பேத்தாலஜிஸ்ட். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். புற்றுநோயா இல்லையா என்று எழுதுவது அவர்தான்.

எக்ஸ்ரே எப்போதோ கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஸ்லைடு மட்டும் ஏன் பின்தங்கியது? எக்ஸ்ரேயில் ஃபிலிம் மிச்சம். இங்கே ஸ்லைடை எப்படியும் தயாரித்தே ஆகவேண்டும், ஸ்கேன் செய்வது கூடுதல் வேலை. படமோ பூதாகாரம். ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் திசுவை நுணுக்கமாக எடுத்தால் 360 கோடி புள்ளிகள்!

1990-களின் கம்ப்யூட்டர் இதைத் தாங்குமா? சால்ட்ஸும் மேரிலாந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சகாக்களும் 'வர்ச்சுவல் மைக்ராஸ்கோப்' என்று ஒன்று செய்தார்கள். பேத்தாலஜிஸ்ட் முதலில் சின்ன லென்ஸில் மேலோட்டமாகப் பார்ப்பார், சந்தேகமான இடத்தில் பெரிய லென்ஸைத் திருப்புவார். அதேபோல, கேட்ட பகுதியை மட்டும், கேட்ட அளவில் அது எடுத்துக் கொடுத்தது. பேத்தாலஜி தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இந்த யோசனை வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு ஒஹையோ ஸ்டேட், எமரி, ஸ்டோனி புரூக் என்று போன இடமெல்லாம் மருத்துவத் தகவலியல் துறையைத் தொடங்கி நடத்தினார். 2018-ல் அவர் குழுவின் ஆய்வொன்று வந்தது. 13 வகைப் புற்றுநோய், 5,000-க்கு மேற்பட்ட ஸ்லைடு படங்கள். கட்டிக்குள் வெள்ளணுக்கள் எங்கெங்கே கூடியிருக்கின்றன என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அந்த அணுக்கள் நோயின் போக்கைச் சொல்லும் என்பது பேத்தாலஜிஸ்டுகளுக்கு முன்பே தெரியும். இத்தனை ஸ்லைடில் உட்கார்ந்து எண்ண யாரால் முடியும்? கம்ப்யூட்டர் எண்ணியது. அதற்குச் சொல்லிக்கொடுத்ததும், தப்பைத் திருத்தியதும் பேத்தாலஜிஸ்டுகளே.

"ஏ.ஐ. வந்தாச்சு, இனி டாக்டர் எதற்கு?" என்பவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை. எண்ணும் வேலையை மெஷினிடம் தாராளமாக விடலாம். நாள் முழுக்கப் பார்த்த கண் களைத்துப் போகும். ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்து டாக்டருடையதாகவே இருக்கட்டும். "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று நாம் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

நமக்கு நேரடி லாபம் ஒன்று உண்டு. இன்னொரு டாக்டரின் கருத்துக்காகக் கண்ணாடி ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி, உடையுமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு போகிறோம். படமாக இருந்தால் அனுப்பிவிடலாம். அடுத்த முறை பயாப்ஸி என்றால், ஸ்கேன் செய்து தருவீர்களா என்று லேபில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.