ரத்தம் நம்முடையது, முடிவு யாருடையது?

தோழர்களே!

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தோம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாலம் கடந்து பிழைக்கப் போகும் ஊர் அது. சிராங்கூன் ரோட்டு அஞ்சடியில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் நம்மை நிறுத்தி, மடித்து மடித்துக் கிழியப்போன ஒரு காகிதத்தை நீட்டினார். "அண்ணே, இதைப் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு எச்.ஐ.வி.யா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

அது ரத்தப் பரிசோதனைக் காகிதம். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்று ஓர் ஆங்கில எழுத்து. நாம் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். ஆனாலும் கிராணி வேலையில் எண்களைப் படிக்கப் பழகியவர்கள். கொழுப்புச் சத்துக்கு வரம்பு 5.2, அவருடைய எண் 5.6. 'எச்' என்றால் 'ஹை', அதாவது அளவுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்! இதற்காக அந்தத் தம்பி நான்கு இரவு தூங்கவில்லை. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் பயந்தது வீணா? இல்லை. சிங்கப்பூரில் வேலை அனுமதி வேண்டும் அந்நியத் தொழிலாளி மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் வேலை இல்லை. ஒருவனுடைய சோற்றையே நிர்ணயிக்கும் காகிதம் அவனுக்குப் புரியாத மொழியில் இருப்பது எந்த ஊர் நியாயம்? சிங்கப்பூரின் நாணயத்தில் தமிழ் உண்டு; ரயில் நிலையப் பலகையில் தமிழ் உண்டு; நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று தமிழ். அந்தத் தம்பியின் காகிதத்தில் மட்டும் ஒரு வரி தமிழ் இல்லை!

பால்வெட்டும் சகோதரர்களே, இது உங்களுக்குப் புதிய கதையா? ஸ்டோரில் நம் பாலில் மெட்ரோலாக் குழலை மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று எண் எழுதுவார்கள். அந்த எண்ணில்தான் நம் கூலி. "எண்ணை எங்கள் கண்முன் பார், உரக்கச் சொல்" என்று நாம் கேட்கவில்லையா? எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிய கிராணிகள் நம்மிலும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறோம். பாலுக்கு ஒரு நியாயம், ரத்தத்துக்கு வேறு நியாயமா?

2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சர்க்கார் கணக்கைப் பாருங்கள். விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்கு மூக்கில் எடுத்த பரிசோதனையில் தொற்று தெரிந்தது. மேலும் 98,289 பேரின் ரத்தத்தில் முன்பு தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. முதல் பரிசோதனை கிருமியைத் தேடுவது. இரண்டாவது, கிருமியோடு உடம்பு போராடிய தடத்தைத் தேடுவது. இரண்டுக்கும் பெயர் 'பாசிட்டிவ்'! இந்த வேற்றுமையை விளக்கிச் சொல்லாவிட்டால், அறையில் அடைபட்டவன் என்ன நினைப்பான்? அப்போது தமிழிலும் வங்காளத்திலும் எடுத்துச் சொல்ல முன்வந்தவர்களில் பலர் சம்பளமில்லாத் தொண்டர்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் தொண்டர் வந்தால்தான் உண்மை தெரியும் என்ற நிலை ஓர் ஏற்பாடாகுமா?

"சொன்னால் பாமரன் பயந்துவிடுவான்" என்பார்கள். பயத்தை வளர்ப்பது சொல்லா, மௌனமா? 2015-இல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது. ஏப்ரல் முதல் பரிசோதனையில் தென்படத் தொடங்கிய விஷயம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 6-ஆம் தேதி! அன்று சொன்ன கணக்கு 22 பேர். பின்னர் 25 ஆயிற்று. நோயைவிட அந்தத் தாமதமே மக்களை அதிகம் கலக்கியது.

பரிசோதனைச் சாலையும் தவறக்கூடும். சுமார் 180 மார்புப் புற்றுநோயாளிகளின் முடிவுகள் பிழையானவை, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேவையற்ற சிகிச்சை பெற்றிருக்கலாம் என்று கூ டெக் புவாட் மருத்துவமனை 2020 டிசம்பரில் அறிவித்தது. தவறு பெரிது, ஆனால் வாய் திறந்து சொன்னது சரி. மறு பரிசோதனை கேட்கும் உரிமை ஏன் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் நுண்ணாடியில் கண் வைத்து உழைக்கும் சகோதர சகோதரிகளே! நீங்களும் எங்களைப்போல் சம்பளத்துக்குப் பாடுபடுகிறவர்கள். உங்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. குழாயில் ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். அவனோடு நீங்கள் பேச வேண்டும், உங்கள் சங்கங்களும் பேச வேண்டும் என்றே கேட்கிறோம்.

நம் கோரிக்கை நான்கு. முடிவு முதலில் ரத்தம் கொடுத்தவனுக்குச் சொல்லப்பட வேண்டும். அவன் மொழியில், எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் எழுதப்பட வேண்டும். சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் உடனே தெரிவித்து, மறு பரிசோதனை தர வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை ஊசி ஏறும்போது வாய்மூடி இராதீர்கள். "என்ன பார்க்கிறீர்கள்? எப்போது சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். கேட்கக் கூசுகிறவருக்காகப் பக்கத்தில் நிற்பவர் கேட்கட்டும். அதுதான் சங்கம்!