எக்செலுக்கு ஒரு காண்டிகையுரை

மூலத்துக்கு உரை தேவையா என்று தமிழில் யாரும் கேட்டதில்லை. தொல்காப்பியத்தை நாம் இளம்பூரணரின் கைபிடித்தே படிக்கத் தொடங்கினோம். நன்னூல் எழுதிய பவணந்தியார், உரை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கே இலக்கணம் வகுத்தார். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் சூத்திரத்தின் பொருளைப் புலப்படுத்துவது காண்டிகையுரை. அதனினும் விரித்துப் பேசுவது விருத்தியுரை. இந்தப் பாகுபாட்டை முதுகலை வகுப்பில் மனப்பாடம் செய்தவர்களுக்கு, அது இன்று நம் மேசைமேல் இருக்கும் கணினிக்குள்ளும் உயிரோடிருக்கிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம்.

எக்செலில் எஃப்1 விசையைத் தட்டி, வி-லுக்-அப் என்ற சார்பைத் தேடிப் பாருங்கள். அது எதற்காக என்பது முதலில் வரும், அதுவே கருத்து. அடைப்புக்குறிக்குள் இடவேண்டிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் அடுத்து வரும், அது பதப்பொருள். பிறகு சிறு அட்டவணையொன்று காட்டாக நிற்கும். இறுதியில், எதிர்பாராத விடை வந்தால் காரணம் என்னவாக இருக்கும் என்ற பகுதி. அது வினாவும் விடையும். எழுதியவர் நன்னூலைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார். ஆயினும் சுருங்கச் சொன்ன ஒன்றை விளக்க முற்படுகிறவர் எந்நாட்டவராயினும் இந்த வரிசைக்கே வந்து சேர்கிறார் போலும்.

ஆனால் இந்த உரையை நம்மவர்கள் படிப்பதில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கணினிப் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கு எதை அழுத்தினால் எது வரும் என்று சொல்லித் தருகிறார்கள். உதவிப் பக்கத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருவதை நாம் கண்டதில்லை. அலுவலகங்களில் பக்கத்து இருக்கைக்காரரே உரையாசிரியர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் என்று பதில் வரும்.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் வீதம் மூன்று தேர்வுகள். ஒரு மாணவி முதலிரண்டில் 20, 22 பெற்றார், மூன்றாவதற்கு வரவில்லை. அந்த நுண்ணறையை வெற்றாக விட்டுவிட்டுச் சராசரி காணச் சொன்னால் எக்செல் 21 என்று சொல்லும். அதே இடத்தில் சுழியத்தை இட்டால் 14 என்று சொல்லும். ஏழு மதிப்பெண் வேறுபாடு! வெற்று நுண்ணறையையும் எழுத்துகளையும் கணக்கில் கொள்வதில்லை, சுழியத்தைக் கொள்வோம் என்று ஆவரேஜ் சார்பின் உதவிப் பக்கம் தெளிவாகவே சொல்கிறது. ஒரே வகுப்பில் ஓர் ஆசிரியர் வெற்றிடம் விட்டு, இன்னொருவர் சுழியம் இட்டால், ஒரே நிலையிலுள்ள இரு பிள்ளைகளுக்கு இருவேறு நீதி கிடைக்கும். எது சரி என்பதைக் கல்லூரியின் விதி சொல்லவேண்டும். மென்பொருள் எதைச் செய்யும் என்பதை உதவிப் பக்கம்தான் சொல்லும்.

வி-லுக்-அப்பின் நான்காவது உறுப்பும் அப்படிப்பட்டதே. அதை எழுதாமல் விட்டால் எக்செல் சரியான பொருத்தத்தைத் தேடாது; தோராயமான பொருத்தத்தை எடுத்துக்கொள்ளும். முதல் நிரல் ஏறுவரிசையில் இல்லையென்றால் ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கெதிரே போய் உட்காரலாம். பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம். இதுவும் அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டே இருக்கிறது.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் பதிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமற்போனதை அறிவித்தது. பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2007 பதிப்பிலேயே இவ்வரம்பு 10,48,576 ஆக உயர்ந்துவிட்டது. இரண்டு எண்களும் உதவிப் பக்கங்களில் அச்சிட்டாற்போல் இருந்தவை.

மறுதரப்பையும் சொல்லவேண்டும். இந்த உரையில் குறைகள் உண்டு. 1997 பதிப்பில் காகிதச் செருகி வடிவில் ஒரு பொம்மை வந்து, கேட்காத உதவியைச் செய்யத் துடித்தது; எல்லோரும் வெறுத்ததால் 2007இல் விடைபெற்றது. வேண்டியதன் பெயர் தெரிந்தவருக்கே உதவிப் பக்கம் கதவைத் திறக்கிறது. பெயர் தெரியாதவர் வாசலில் நிற்கவேண்டியதுதான். இப்போது பெரும்பகுதி இணையத்திலிருந்தே வருவதால், இணைப்பு அறுந்தால் உரையும் அறுகிறது.

அதற்குப் பதில் யூடியூப் காணொளிகள் இருக்கின்றனவே, செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், நாமும் கேட்கிறோம். ஆனால் அவை வழி சொல்பவை. வழி சொல்பவர் பிறழ்ந்தாரா என்று சரிபார்க்க, செய்தவரே தம் பொறுப்பில் எழுதிவைத்த வாசகம் ஒன்று வேண்டும். எந்த இடத்தில் இச்சார்பு உதவாது என்று சொல்லும் குறிப்பு, காணொளிகளில் அரிதாகவே கேட்கக் கிடைக்கிறது.

தமிழ்நிலைக்கு வருவோம். 2005இல் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசக் குறுவட்டில் தமிழ்ப் பட்டிகளோடு பாரதீய ஓப்பன் ஆஃபிஸ் இருந்தது. அக்காலத்து மேல்நிலைப் பாடநூலில் ஸ்டார் ஆஃபிஸ் தமிழில் விளக்கப்பட்டது. பட்டிகளைத் தமிழாக்க நாம் காட்டிய ஊக்கத்தில் பாதியைக்கூட விளக்கங்களைத் தமிழாக்கக் காட்டவில்லை என்பதே நம் மனக்குறை. கோப்பு, தொகு, காண்க என்ற சொற்கள் தெரிந்ததால் யாருக்கும் கணக்குப் போட வந்துவிடாது. ஸ்ப்ரெட்ஷீட்டை ஒருவர் விரிதாள் என்கிறார், பாடநூல் அட்டவணைச் செயலி என்கிறது, இரண்டுமே இருக்கட்டும். ஆனால் ஆர்க்யுமென்ட் என்பதை இயந்திரம் ‘வாதம்’ என்று பெயர்த்துவைத்தால், அது பட்டிமன்ற வாதமா, முடக்குவாதமா என்று தமிழ்வழி மாணவன் திகைப்பான். இதற்கு வேண்டியவர் சொற்பட்டியல் தயாரிப்பவரல்லர், உரையாசிரியர்.

அந்த மரபு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தவர் உ.வே.சா. அவர் பெயரில் பெசன்ட் நகரில் நூலகம் நிற்கிறது. அங்கிருந்து கூப்பிடு தொலைவில்லாவிட்டாலும் ஒரு பேருந்துப் பயணத்தில், கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸின் உதவிப் பக்கங்களை மொழிபெயர்க்கத் தன்னார்வலர்கள் எவரும் முன்வரலாம். நகரத்துத் தமிழ்த்துறைகள் முதுகலை மாணவர்களிடம், அன்றாடம் பயன்படும் முப்பது சார்புகளுக்குக் காண்டிகையுரை எழுதச் சொன்னால் என்ன? கேட்டதையே கேட்டு எழுதும் ஆய்வேடுகளை விட அது பலருக்குப் பயன்படும். உரை எழுதிப் பார்க்கும் மாணவனுக்கு இளம்பூரணரின் அருமையும் விளங்கும்.

அதுவரை ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பருவத்து அகமதிப்பீட்டை அனுப்புமுன், சராசரி காணும் சார்பின் உதவிப் பக்கத்தை ஒருமுறை திறந்து வாசியுங்கள். ஐந்து நிமிடமே ஆகும். தேர்வுக்கு வராத அந்தப் பெண்ணுக்கு ஏழு மதிப்பெண் என்பது சிறிய எண் அன்று.