கிணற்றுக்கு யார் காவல்?



எகிப்திலிருந்து மீட்கப்பட்ட மக்களைப் பாலைநிலத்தில் வழிநடத்திக்கொண்டிருந்த மோசேயைக் காண அவருடைய மாமனார் இத்திரோ வந்தார். காலை தொடங்கி மாலை வரை மோசே தனி ஒருவராக அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்பதைக் கண்ட அவர், இப்படியே போனால் நீயும் களைப்பாய், மக்களும் களைப்பார்கள் என்று எச்சரித்தார். பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கும்படி கூறியதோடு, எத்தகையோரிடம் கொடுக்கவேண்டும் என்பதையும் சொன்னார். அவர் கேட்ட தகுதிகள் நான்கு: திறமை, தெய்வபயம், வாய்மை, இலஞ்சத்தின் மீது வெறுப்பு. விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தில் இதனை வாசிக்கிறோம்.

இந்த நான்கில் தெய்வபயமும் ஒன்று. ஆனால் ஒன்று மட்டுமே. இந்தச் சிறிய உண்மையை மறந்ததால் விசுவாசிகள் தடுமாறிய வேளைகள் உண்டு. இயற்கையைக் காக்கவென அரசு அமைக்கும் நிறுவனத்தின் தலைமைக்கு ஒருவர் முன்மொழியப்படும்போது, மதத் தலைவர்கள் அவரை ஆதரிக்கலாமா? ஆதரிப்பதாயின் எதைப் பார்த்து ஆதரிப்பது? இந்தக் கேள்வி அண்மைய ஆண்டுகளில் அமெரிக்காவில் பகிரங்கமாக எழுந்தது. குடிக்கும் நீருக்குக் கிணற்றை நம்பி வாழும் நமக்கும் அது அந்நியமான கேள்வியன்று.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு முதல் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இயங்கி வருகிறது. அதன் தலைவரை ஜனாதிபதி முன்மொழிவார். செனற் சபை விசாரித்து வாக்களிக்கும். ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டிருந்த டொனால்ட் ட்ரம்ப் 2016 டிசம்பரில் ஸ்கொட் புரூயிட் என்பவரை அப்பதவிக்கு அறிவித்தார். ஒக்லஹோமா மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்த புரூயிட், பப்டிஸ்ற் திருச்சபையொன்றில் பொறுப்பு வகித்தவர். தம் விசுவாசத்தை மறைக்காதவர். அதேவேளை, தாம் தலைமையேற்கவிருந்த அந்த முகவரகத்துக்கு எதிராகவே பத்துக்கு மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தவரும் அவரே. நற்செய்தி மரபுச் சபைகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது தலைவர்கள் அவர் தகுதியானவர் என்று கடிதம் எழுதி ஆதரவளித்தனர். அதே மரபைச் சேர்ந்த வேறு சிலரோ, மாசடைந்த காற்றும் நீரும் குழந்தைகளையே முதலில் தாக்கும் என்பதைச் சுட்டி எதிர்த்தனர். ஒரே திருநூலை வாசிப்போர் இரு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள்.

2017 பெப்ரவரி 17 அன்று 52க்கு 46 என்ற வாக்குகளால் புரூயிட் பதவியேற்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, பயணச் செலவுகள், அலுவலகத்தில் ஒலிபுகா அறை அமைத்த செலவு, எரிசக்தித் துறைக்காகப் பரிந்து பேசிய ஒருவரின் குடும்பத்தவருக்குச் சொந்தமான வீட்டில் குறைந்த வாடகைக்குத் தங்கியது எனப் பல விடயங்கள் விசாரணைக்கு உள்ளாயின. 2018 ஜூலையில் அவர் பதவி துறந்தார். அவருடைய உள்ளத்தின் பக்தியை எடைபோடும் உரிமை நமக்கில்லை. அது இறைவனுக்கும் அவருக்கும் இடையிலானது. ஆயினும் இத்திரோ கேட்ட நான்கு கேள்விகளையும் ஆதரவாளர்கள் கேட்டிருந்தார்களா என்று வினவும் உரிமை நமக்குண்டு.

இதைக் கண்டு, மறு அணி ஆதரித்திருக்கக்கூடியவரே சரியானவர் என்று முடிவுகட்டுவதும் அவசரமாகும். புரூயிட்டுக்கு முன் 2013 முதல் அப்பதவியில் இருந்தவர் ஜினா மெக்கார்த்தி. காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் நடவடிக்கைகளில் முன்னின்றவர். 2015 ஜனவரியில் வத்திக்கானுக்குச் சென்று இதுபற்றி உரையாடியவர். ஆனால் அவருடைய பதவிக் காலத்திலேயே மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில், 2014இல் நீர்மூலம் மாற்றப்பட்டதைத் தொடர்ந்து, வீட்டுக் குழாய் நீரில் ஈயம் கலந்தது. ஏழைகள் மிகுந்த அந்நகரத் தாய்மார் கலங்கிய நீரைப் போத்தல்களில் ஏந்திக்கொண்டு முறையிட்டும், முகவரகம் அவசரகால உத்தரவைப் பிறப்பித்தது 2016 ஜனவரியில்தான். அதற்கு ஏழு மாதங்கள் முன்னதாகவே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று முகவரகத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே பின்னர் கூறினார். நல்ல நோக்கமும் நல்ல பெயரும் உடைய ஒருவரின் கண்காணிப்பின் கீழும் ஏழையின் நீர் நஞ்சாகலாம் என்பதே இதன் பாடம். ஆகவே, விசுவாசிகளின் கடமை ஒருவரை ஆதரிப்பதோடு முடிவதில்லை. அவர் ஆசனத்தில் அமர்ந்த பின்னரே அது தொடங்குகிறது.

இப்பொழுது நம் சொந்த மண்ணுக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நாம் அள்ளும் ஒவ்வொரு வாளி நீரும் அந்தப் படையிலிருந்தே வருகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மேலே கொட்டுவது எதுவாயினும் பாறை வெடிப்பினூடாகக் கீழே இறங்கிவிடும். ஒருவர் வளவில் ஊற்றியது அடுத்தவர் கிணற்றில் தோன்றும். வேலிகள் நிலத்தைப் பிரிக்கின்றன, நீரைப் பிரிப்பதில்லை.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்திலும் அதனை அண்டிய ஊர்களிலும் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்த கிணற்றை மூடிவிட்டு, பவுசர் வரும் நேரத்தைப் பார்த்து வாளிகளோடு காத்துநின்ற குடும்பங்கள் எத்தனை! ஆய்வுக் குழுக்கள் வந்தன. அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆபத்து உண்டு என்றது ஒன்று, இல்லை என்றது மற்றொன்று. பிள்ளைக்கு இந்த நீரைக் கொடுக்கலாமா என்ற தாயின் கேள்விக்கு மட்டும் நேரான விடை கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். சூழலியலாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்தவேண்டும் என்ற நெறியைப் பின்பற்றி, சுன்னாகத்தில் மின்நிலையத்தை இயக்கிய நொதேர்ண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்த மனுவில் முதற் பிரதிவாதியாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தது எது தெரியுமா? நாட்டின் சுற்றாடலைக் காக்கவென்றே உருவாக்கப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகார சபை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அச்சபைக்கு 1988ஆம் ஆண்டின் திருத்தம் பெரும் அதிகாரங்களை அளித்தது. கழிவை வெளியேற்றும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவோ மறுக்கவோ அதனால் முடியும். பெருந்திட்டங்கள் தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடைபெறுவதும் அச்சட்டத்தின் வழியேதான். இத்தகைய சபையின் உறுப்பினர்களை, துறைசார் அமைச்சரோடு கலந்து, ஜனாதிபதியே நியமிக்கிறார். அமெரிக்காவில் ஒரு நியமனத்துக்காக மதத் தலைவர்கள் கடிதம் எழுதி வாதாடினார்கள். அவர்களுடைய முடிவு சரியோ பிழையோ, அந்தப் பதவி முக்கியமானது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் நாட்டில் அச்சபையின் தலைவர் மாறும்போது, நம் பங்குகளில் எத்தனை பேர் அவர் பெயரையாவது அறிகிறோம்? தேர்தல் வேட்பாளரின் ஊர், உறவு, சமயம் அனைத்தையும் விசாரிக்கும் நாம், நம் கிணற்றின் காவலரைப் பற்றி எதையும் விசாரிப்பதில்லை.

திருச்சபை அரசியலில் தலையிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் இதற்குத் தெளிவான வழிகாட்டல் உண்டு. அறிவியல் சிக்கல்களைத் தீர்த்துவைக்கவோ அரசின் இடத்தைப் பிடிக்கவோ திருச்சபை முயலவில்லை என்கிறார் அவர். ஆனால் தூய நீர் மனிதரின் அடிப்படை உரிமை என்றும், சலுகைகளுக்காக ஒரு திட்டத்தின் உண்மையான பாதிப்பை மறைப்பது ஊழல் என்றும் உறுதியாக உரைக்கிறார். கட்சிக்காகப் பேசுவது வேறு. கிணற்றுக்காகப் பேசுவது வேறு.

நம் நாட்டுத் திருச்சபை இதனைச் செய்தும் காட்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியபோது மீனவக் குடும்பங்கள் கடலுக்குச் செல்ல வழியின்றித் தவித்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அவர்களும் மனுதாரர்களுள் ஒருவராக உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 ஜூலை 24 அன்று, கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. மேய்ப்பர் நீதிமன்றப் படியேறியது எந்தக் கட்சிக்காகவும் அன்று. வலை காய்ந்துகிடந்த வீடுகளுக்காக. ஆயினும் இது அழிவு நேர்ந்த பின் எழுந்த குரல். அழிவு நேருமுன்பே, காவலரைத் தெரிவுசெய்யும் வேளையிலேயே அக்குரல் ஒலித்தால் எவ்வளவு நன்று!

அவ்வேளையில் நாம் எதைக் கேட்கவேண்டும்? இத்திரோவின் நான்கையும் இன்றைய மொழியில் கேட்போம். நிலத்தையும் நீரையும் பற்றிய அறிவும் அனுபவமும் இவருக்கு உண்டா? தமக்கு மேல் ஒரு நீதி உண்டு என்ற அச்சத்தோடு நடப்பவரா? ஆய்வு அறிக்கையில் உள்ளதை அப்படியே மக்களிடம் சொல்லும் வாய்மை உடையவரா? தாம் கட்டுப்படுத்தவேண்டிய தொழில் நிறுவனங்களின் உபசரிப்பை மறுக்கும் துணிவு உள்ளவரா? இந்நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், அவர் எம்மதத்தவராயினும் எம்மொழியினராயினும் மனமுவந்து ஆதரிப்போம். ஏதேனும் ஒன்றுக்கு இல்லை என்ற விடை வந்தால், அவர் நம் ஆலயத்தில் முன்வரிசையில் முழந்தாளிடுபவராயினும் நம் ஆதரவை நிறுத்திவைப்போம். நினைவில் கொள்ளுங்கள்: இத்திரோ இஸ்ரயேலர் அல்லர், மிதியான் நாட்டுக் குரு. தம் மக்களுக்குப் புறத்தே இருந்து வந்த நல்லாலோசனையை மோசே தள்ளிவிடவில்லை. சுன்னாகத்துக்கும் உதவி வெளியிலிருந்தே வந்தது.

இதற்கு வழியும் உண்டு. அரச நிறுவனங்களின் தலைவர்களாக முன்மொழியப்படுவோரின் தகுதியை ஆராய நாடாளுமன்றத்தில் உயர் பதவிகள் பற்றிய குழு இருக்கிறது. அதற்கு மரியாதையோடும் ஆதாரத்தோடும் எழுத எவருக்கும் தடையில்லை. பங்குச் சபைகளும் அன்பியங்களும் அயலிலுள்ள சைவ ஆலய பரிபாலன சபையினரோடு சேர்ந்து எழுதினால் அக்குரலின் வலிமை பெருகும். கிணறு எல்லோருக்கும் பொது அல்லவா?

ஆனால் பிறரிடம் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். கழிவு எண்ணெயை வளவு மூலையில் ஊற்றுபவர் யார்? கிணற்றுக்கு அருகே மலசலகூடக் குழி வெட்டுபவர் யார்? பயிர் செழிக்கவேண்டும் என்று அளவு மீறி உரமும் மருந்தும் இடுபவர் யார்? குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு எந்த அந்நியரையும் குற்றஞ்சாட்ட முடியாது. இதனையும் நம் ஆன்ம சோதனையில் சேர்த்துக்கொள்வோம்.

தன் தந்தை ஆபிரகாம் காலத்தில் தோண்டப்பட்டுப் பின் பகைவரால் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டினார் என்று தொடக்கநூல் கூறுகிறது. வழக்கு வந்தது, விலகிப்போய் மறுபடி தோண்டினார். மீண்டும் வழக்கு வந்தது; மீண்டும் தோண்டினார். இறுதியில் ஆண்டவர் அவருக்கு விசாலமான இடத்தை அருளினார். தந்தையர் விட்டுச்சென்ற நீரைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பது ஈசாக்கைப் போலவே நமக்கும் உரிய கடமை.

இன்று இரவு குடும்பச் செபம் முடியுமுன் ஒரு நிமிடம் நம் கிணற்றை நினைப்போம். நீரைப் படைத்த ஆண்டவரே, எங்கள் கிணறுகளுக்கு நல்ல காவலரைத் தந்தருளும். அவர்களைத் தெரிந்துகொள்ளும் ஞானத்தையும், தெரிந்துகொண்டபின் உறங்கிவிடாத விழிப்பையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.