பாசியைத் திங்க மீன் எதுக்கு? லைட்டை அணைங்க!

மீன் தொட்டி வச்சிருக்கிற பதிவுலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசியைத் திங்கும்னு யாராவது சொன்னாங்கன்னு சக்கர் மீன் வாங்காதீங்க. ஏற்கனவே வாங்கியிருந்தா, தயவுசெஞ்சு அதை ஏரியிலயோ ஓடையிலயோ கொண்டுபோய் விடாதீங்க. பதிவோட மொத்த மேட்டரும் இவ்வளவுதான். ஆணி அதிகமா இருக்கிறவங்க இங்கயே அப்பீட்டு ஆகிக்கலாம். மத்தவங்க மேல படிங்க :-)

மொதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல எல்லாமே பாசிதான். படிக்கட்டுல வழுக்கி விடுறதும் பாசி, குளத்துல கொடி மாதிரி வளர்ற வேலம்பாசியும் பாசி. செடித் தொட்டி வைக்கிறவனுக்கு இது ரெண்டும் எதிரெதிர் கட்சி. வேலம்பாசி ஒரு செடி, நம்ம ஆளு. கண்ணாடியில பச்சையா படியறது, இலை ஓரத்துல கறுப்புத் தாடி மாதிரி முளைக்கிறது, தண்ணியையே பச்சை சூப் ஆக்குறது, இதெல்லாம் எதிர்க்கட்சி. இந்தப் பதிவுல நான் பாசின்னு சொல்றது இவங்களைத்தான்.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, பாசிங்கிறது ஒரு எரர் மெசேஜ். ஸ்க்ரீன்ல இருந்து மெசேஜை அழிச்சுட்டா புரோகிராம் சரியாயிடுமா? செடி வளர மூணு விஷயம் வேணும்: வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு, சத்து. வெளிச்சத்தை மட்டும் அள்ளிக் கொடுத்துட்டு மத்த ரெண்டையும் விட்டுட்டா செடி திணறும். அந்த கேப்புல பாசி உள்ள பூந்துடும். பாசிக்குக் கொஞ்சமா கிடைச்சாலே போதும், செடி மாதிரி நூறு கண்டிஷன் போடாது.

எங்க மஞ்சக்குட்டை பக்கம் காப்பித் தோட்டக்காரங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சில்வர் ஓக் நிழல்லதான் காப்பி வளருது. நிழல் மரத்துல எவ்வளவு கழிக்கணும், எப்பக் கழிக்கணும்னு அவங்களுக்கு அத்துப்படி. அவ்வளவு பெரிய தோட்டத்துக்கே வெளிச்சத்தை அளந்து விடுறாங்க. நாம என்ன பண்றோம்? மார்கழிப் பனியில ரூம் இருட்டா இருக்குன்னு ரெண்டடித் தொட்டிக்கு எல்ஈடியை 12 மணி நேரம் எரிய விடுறோம். அப்புறம் பாசி வருது, பாசி வருதுன்னு பொலம்புறோம்.

நான் சொல்ற வைத்தியம் ரொம்ப சிம்பிள்:

1. லைட்டுக்கு ஒரு டைமர். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துல ஆரம்பிங்க, 8-க்கு மேல போகாதீங்க. ஜன்னல் வெயில் தொட்டி மேல விழவே கூடாது.

2. வாரம் ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. தீனி, ரெண்டு நிமிஷத்துல மீன் தின்னு முடிக்கிற அளவு மட்டும். மிச்சமாகிற தீனி பாசிக்கு உரம்.

3. ஆரம்பத்துலயே செடியை நெருக்கமா நடுங்க. வேலம்பாசி, வாலிஸ்னேரியா மாதிரி வேகமா வளர்றது நல்லது.

4. புதுத் தொட்டியில மொத சில வாரம் பழுப்பா படியறதுக்குப் பேரு டயட்டம். துடைச்சு விட்டுட்டு சும்மா இருங்க, தானா போயிடும்.

5. நீலப்பச்சையா, வழவழன்னு, நாத்தத்தோட போர்வை மாதிரி மூடினா அது நிஜமான பாசியே இல்லை, ஒரு வகை பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துட்டு, மூணு நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால மூடி வைங்க.

'திரவக் கார்பன்'னு பாட்டில்ல விக்கிறாங்களே, அதுல பெரும்பாலும் இருக்கிறது குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில கருவிகளைக் கிருமிநீக்கம் பண்ற அதே ஐட்டம். பாசி சாகும்தான். கூடவே வாலிஸ்னேரியாவும் கரைஞ்சு போகும்.

இப்ப சக்கருக்கு வருவோம். கடையில ரெண்டு இஞ்ச் குட்டியா, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பாவமா இருக்கும். தென்னமெரிக்க மீன். வளர்ந்தா ஒண்ணரை அடி. பெருசாக ஆக பாசி மேல இருக்கிற ஆசை குறைஞ்சு, மத்த மீனுக்குப் போடுற தீனிக்கு வரும். அது போடுற கழிவு இருக்கே, அய்யோ சாமி! அந்தக் கழிவே பாசிக்கு உரம். காசு கொடுத்து பாசியை வளர்க்கிறோம்.

அப்புறம் தொட்டி பத்தாது. கொல்ல மனசு வராது. 'பொழைச்சுப் போகட்டும்'னு ஏரியில விடுவாங்க. கதை அங்கதான் கெடுது. காத்தைக் குடிச்சு, தண்ணிக்கு வெளியவும் பல மணி நேரம் உயிரோட இருக்கிற மீன் அது. கரையில வளை தோண்டி நூத்துக்கணக்குல முட்டை போடும். உடம்பு முழுக்கக் கவசம், முள்ளு. மீனவங்க வலையைக் கிழிக்கும். அயிரை மாதிரி அடித்தரையில மேயிற நம்ம மீனுங்களோட சாப்பாட்டுக்குப் போட்டி போடும்.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. மீன் தண்ணியில விட்டுட்டுப் போற டிஎன்ஏவை வச்சு ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகள் கிழக்குத் தொடர்ச்சி மலை நீர்நிலைகள்ல இந்த மீனைத் தேடினாங்க. 2024-ல செய்தி வந்துச்சு. ஆய்வு செஞ்ச நீர்நிலைகள்ல பாதிக்கு மேல இது இருக்கு. எங்க சேர்வராயன் மலையும் அதே கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டுதான். இங்க இருந்து திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகுது. வாணியாறு தென்பெண்ணைக்குப் போகுது. மலை மேல ஒருத்தர் காட்டுற கருணைக்கு கீழ ரெண்டு ஆறு விலை கொடுக்கணும்.

'ஒரு மீன்தானே பாஸ்'னு கேட்பீங்க. வெங்காயத்தாமரையும் அழகுக்குன்னு தென்னமெரிக்காவுல இருந்து வந்ததுதான். அதையும் நாலு பேரு ஆசையா வளர்த்துத்தான் ஆரம்பிச்சது. 'உயிரைக் கொல்றது பாவம்'னு சொல்றவங்ககிட்ட எனக்குச் சண்டை இல்லை. ஆனா ஒரு மீனை விட்டு ஆயிரம் அயிரையைப் பட்டினி போடுறது மட்டும் புண்ணியமா? கடையிலயே திருப்பிக் கொடுங்க. பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்ககிட்ட கொடுங்க. ரெண்டுக்கும் வழியில்லைன்னா கொன்னு செடிக்கு உரமா புதைக்கிறது மேல். கசப்பா இருந்தாலும் என் கருத்து அதுதான்.

துப்புரவுக்கு ஆள் வேணும்னே அடம் பிடிச்சா அமானோ இறால் வாங்குங்க. செடித் தொட்டியை ஒரு கலையாவே ஆக்கின ஜப்பான்காரர் தகாஷி அமானோ (1954-2015) பிரபலப்படுத்தின இறால். குட்டி பிழைக்க உப்புக் கலந்த தண்ணி வேணும்ங்கிறதால நம்ம மலை ஓடையில பெருகாது. நெரைட் நத்தையும் அதே ரகம்தான். அதுக்காக அதையும் ஓடையில விடலாம்னு அர்த்தம் இல்லைங்க!

டிஸ்கி: டைமர் விலை, ஒரு சக்கர் மீனுக்கு ஆயுசு முழுக்கப் போடுற தீனிச் செலவை விடக் கம்மி. கணக்குல சந்தேகம் இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க :-)